நீர்மைத் தன்மை

பி.காம். படிக்கிறவள் சொர்க்கத்துக்கே போனாலும் முதலில் விலைப்பட்டியலைத்தான் கேட்பாள் என்று என் தோழி ஒருத்தி சொல்வாள். அவள் சொன்னது சரிதான். இந்தக் கோடை விடுமுறையில் காரைக்குடிப் பக்கம் ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டில் இரண்டு நாள் தங்கினேன். வீட்டைப் புதுப்பித்து ஓட்டலாக நடத்துகிறார்கள். அறை வாடகையைக் கேட்டதும் மனசுக்குள் ஓடிய கணக்கு இதுதான்: ஒரு ராத்திரித் தூக்கத்துக்கு என் ஒரு செமஸ்டர் பீஸை விட அதிகம்.

பயப்படாதீர்கள், கொடுத்தது நானில்லை. சிங்கப்பூரில் வேலை பார்க்கிற மாமா லீவில் வந்திருந்தார். "அம்மாவை ஒரு தடவையாவது அந்த மாதிரி வீட்டுக்குள்ள முன்வாசல் வழியாக் கூட்டிட்டுப் போகணும்" என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தவர், இந்தத் தடவை இரண்டு அறை போட்டுவிட்டார். மாமா, அத்தை, அவர்களுடைய இரண்டு வாண்டுகள், அம்மாச்சி, அம்மா, நான். அப்பா கடையை விட்டு வர மாட்டேன் என்றுவிட்டார்.

முன்வாசல் விஷயம் என்னவென்றால், அம்மாச்சி பிறந்த ஊர் திருப்பத்தூர் பக்கம் ஒரு கிராமம். சின்ன வயசில் செட்டியார் வீட்டுக் கல்யாணங்களுக்கு வெங்காயம் உரிக்க, தேங்காய் துருவ என்று ஆள் கூப்பிடுவார்களாம். அம்மாச்சியும் தன் அம்மா கூடப் போயிருக்கிறது. அந்த வீடுகள் இந்தத் தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில்தான் முடியும். வேலைக்கு வருகிறவர்களுக்கு அடுத்த தெருக் கதவுதான். ஆக, அம்மாச்சி ஒரு செட்டிநாட்டு வீட்டைக் கடைசியிலிருந்து மூன்றில் ஒரு பங்குதான் பார்த்திருக்கிறது.

ஓட்டலின் பெயரைச் சொல்லப் போவதில்லை, விளம்பரம் மாதிரி ஆகிவிடும். அந்தப் பக்கம் இப்போது இப்படிப் பல இருக்கின்றன. காரைக்குடியில் 'தி பங்களா' 1999லேயே ஆரம்பித்தது. கானாடுகாத்தானில் 'விசாலம்' என்பது 1930களில் ஒரு அப்பா தன் மகளுக்காகக் கட்டிய வீடு. கொத்தமங்கலத்தில் 'சாரதா விலாஸ்' இரண்டு பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள் புதுப்பித்தது. நாங்கள் தங்கியது இது எதுவுமில்லை, கொஞ்சம் சின்னது.

சின்னது என்று சொன்னாலும், உள்ளே நுழைந்ததும் அம்மாச்சி அப்படியே நின்றுவிட்டது. பர்மா தேக்குத் தூண்கள். ஒருவர் கட்டிப் பிடித்தால் கை எட்டாது. சுவரைத் தொட்டால் பளிங்கு மாதிரி வழுவழுவென்று இருக்கிறது. ஆனால் பளிங்கில்லை. சுண்ணாம்பை நைசாக அரைத்து, முட்டை வெள்ளைக்கரு, கடுக்காய், கருப்பட்டி எல்லாம் சேர்த்துப் பல அடுக்காகப் பூசித் தேய்த்தது. தரையில் ஆத்தங்குடிக் கல். இந்தக் கல்லைச் சூளையில் சுடுவதே இல்லை என்பது எனக்குப் புதுச் செய்தி. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணக் கலவையை ஊற்றி, மேலே சிமெண்டும் மணலும் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊற வைத்து எடுத்தால் கல் தயார். அந்தப் பளபளப்பு கண்ணாடி கொடுத்தது.

திண்ணை, முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று வீடு போய்க்கொண்டே இருக்கிறது. முன்னால் ஆண்கள் உட்கார்ந்து வரவு செலவு பேசுகிற இடம். நடுவில் வானம் தெரிகிற வளவு. அதைச் சுற்றிக் கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒரு அறை. பின்னால் போகப் போகப் பெண்கள், அடுப்படி, உரல், அம்மி. ஓட்டல் பையன் ஆங்கிலமும் தமிழும் கலந்து வளவு வரைக்கும் விளக்கினான். மூன்றாம் கட்டு வந்ததும் அம்மாச்சி அவனைப் பேச விடவில்லை. "இந்தா, இங்கனதான் கோட்டை அடுப்பு இருக்கும். இங்கன நாங்க உக்காந்து உரிப்போம். மழை பேஞ்சா இந்தக் குழாய் வழியா அம்புட்டுத் தண்ணியும் இறங்கி அங்கிட்டுப் போகும்" என்று அதுவே கைடு ஆகிவிட்டது. பையன் நல்ல பிள்ளை, கையைக் கட்டிக்கொண்டு கேட்டான். அடுத்த நாள் வந்த கோயம்புத்தூர்க் குடும்பத்துக்கு அவன் கோட்டை அடுப்பைச் சேர்த்து விளக்கினதை நானே கேட்டேன். :-)

சரி, நம்ம பாடத்துக்கு வருவோம் (வகுப்பு மக்களுக்கு மட்டும், மற்றவர்கள் அடுத்த இரண்டு பத்தியைத் தாண்டிக்கொள்ளலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்).

அறையில் வைத்திருந்த வண்ணப் புத்தகத்தில் 'அரச வாழ்க்கை' என்று போட்டிருந்தது. அரசர்களா? இவர்கள் கணக்குப்பிள்ளைகளின் கணக்குப்பிள்ளைகள்! நம் பாடப்புத்தகம் இருப்புநிலைக் குறிப்பு என்று சொல்வதை ஐந்தொகை என்ற பெயரில் போட்டுக்கொண்டிருந்தவர்கள். பர்மா, மலேயா, இலங்கை என்று கடை வைத்து, மூன்று வருஷத் தவணைக்கு ஏஜென்டை அனுப்பி, வட்டியை இங்கே வீடாகக் கட்டினார்கள். அந்த வட்டி எங்கிருந்து வந்தது என்று வண்ணப் புத்தகம் சொல்லவில்லை. கீழ் பர்மாவில் நெல் விளையும் 13 முக்கிய மாவட்டங்களில், 1930இல் சுமார் 6 சதவீத நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. 1937இல் அது 25 சதவீதம். ஏழே வருஷம். அவர்கள் நிலத்துக்கு ஆசைப்பட்டுப் போகவில்லை. உலகப் பொருளாதார வீழ்ச்சியில் நெல் விலை விழுந்தது, கடன் வாங்கிய விவசாயியால் திருப்பிக் கட்ட முடியவில்லை, அடமானம் வைத்த நிலம் கடன் கொடுத்தவர் தலையில் வந்து விழுந்தது. இன்றைய பாஷையில் சொன்னால் அத்தனையும் வாராக்கடன். நிலத்தை இழந்த பர்மாக்காரர் இதை வேறு மாதிரித்தான் சொல்வார், அதுவும் நியாயம்தான். 1942இல் ஜப்பான் படை ரங்கூனைப் பிடித்தது. 1948இல் பர்மா சுதந்திரம் அடைந்து, அதே வருஷம் நிலத்தைத் தேசியமயமாக்கச் சட்டம் போட்டது. 1963இல் வங்கிகளும் போயின. கணக்கு முடிந்தது.

அங்கே காசு நிலத்தில் மாட்டியது என்றால், இங்கே தேக்கில் மாட்டிக்கொண்டது. 'நீர்மைத் தன்மை' என்று இரண்டாம் வருஷத்தில் விகிதம் விகிதமாகப் போட்டோமே, ஞாபகம் இருக்கிறதா? ஒரு சொத்தை எவ்வளவு சீக்கிரம் காசாக்க முடியும் என்கிற விஷயம். செட்டிநாட்டு வீட்டைப் போல நீர்மை இல்லாத சொத்தை நான் பார்த்ததில்லை. நகரத்தார் கணக்கில் கல்யாணமான ஒரு ஆண் ஒரு புள்ளி. தாத்தா கட்டிய வீட்டுக்கு இன்றைக்கு முப்பது நாற்பது புள்ளி இருந்தால், அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டால்தான் விற்க முடியும். ஒருவர் சென்னை, ஒருவர் கோலாலம்பூர், ஒருவர் அமெரிக்கா. ஓட்டை மாற்ற யார் காசு போடுவது? அதனால் பல வீடுகள் இடிந்தன. பலவற்றைப் பிரித்து விற்றுவிட்டார்கள். காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருவில் நடந்து பாருங்கள். தூண், நிலைக்கதவு, பீங்கான் ஜாடி, யாருடையதோ குடும்பப் படம் வரைக்கும் கடை வாசலில் கிடக்கும். 2014இல் செட்டிநாட்டு ஊர்களை யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இந்தியா சேர்த்தது. உத்தேசப் பட்டியல் ஓடு மாற்றித் தராது என்பதையும் சொல்ல வேண்டும்.

நாங்கள் தங்கிய வீட்டில் பங்காளிகள் ஒன்றுகூடிக் குத்தகைக்கு விட்டிருக்கிறார்கள். ஒரே நிபந்தனை, சாமி அறை அவர்களுக்கு. அது பூட்டியே இருக்கிறது. படைப்புக்கு வந்து திறந்துகொள்வார்களாம். மேனேஜரிடம் பேச்சுக் கொடுத்தேன். "சார், இவ்வளவு அழகான வீட்டுக்குப் பின்னால எதுக்கு நீச்சல் குளம்?" அவர் சிரித்தார். "பாப்பா, போன் பண்றவங்க முதல்ல கேக்குறது ஏ.சி. இருக்கா. ரெண்டாவது பூல் இருக்கா. தேக்குத் தூண் எத்தனைன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல."

ஆக, அந்தக் குளம்தான் இந்தத் தூண்களைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது!

குளம் இருப்பது மூன்றாம் கட்டுக்கும் அப்பால், முன்பு மாட்டுக்கொட்டகையும் வைக்கோல் போரும் இருந்த இடம் (தகவல் உபயம்: அம்மாச்சி, மற்ற வீடுகளில் பார்த்ததை வைத்து). 12 மீட்டருக்கு 6 மீட்டர், ஆழம் 1.2 மீட்டர் என்று பலகையில் எழுதியிருந்தது. பெருக்கினால் 86,400 லிட்டர். பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரி என்றால் ஏழு லாரிக்கும் மேல். அம்மாச்சியிடம் சொன்னேன். "இம்புட்டுத் தண்ணியையும் குடிக்கிறதுக்கும் இல்லாம, மாட்டுக்கும் இல்லாம என்னடி பண்ணுவாய்ங்க?" குளத்தைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன், தண்ணீரை மாற்றுவதே இல்லை, மணல் வடிகட்டியில் விட்டு விட்டுத் திரும்ப எடுக்கிறோம், வெயிலில் ஆவியாகிறதை மட்டும் சேர்ப்போம் என்றார். அம்மாச்சிக்கு அது இன்னும் மோசமாகப் பட்டது. "ஒரே தண்ணியா!"

மத்தியானம் ஈ காக்கா இல்லை. தரைக் கல் காலைச் சுட்டது. ஐந்து மணி ஆனதும் அந்த இடம் கல்யாண வீடாகிவிட்டது. சென்னையிலிருந்து வந்த ஐ.டி. பையன்கள் ஏழு பேர், ஓடி வந்து முழங்காலைக் கட்டிக்கொண்டு தொபீர் தொபீரென்று குதிக்கிறார்கள். யாரோ ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டார்கள். கோயம்புத்தூர்க் குடும்பத்துக் குழந்தைகள் வாத்துப் பலூனுக்குச் சண்டை. இரண்டு பிரெஞ்சுப் பாட்டிகள், ஒருவர் தண்ணீரில், ஒருவர் கையில் புத்தகத்தோடு. நடுவில் பால் பணியாரமும் காப்பியும் தட்டில் சுற்றி வருகின்றன. பாரம்பரிய வீட்டில் இந்தக் கூத்தா என்று முகம் சுளிக்கிறவர்கள் இருப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த வீட்டைக் கட்டினதே ஆயிரம் பேர் வந்து சாப்பிட்டுப் போகிற மாதிரிதான். வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடந்து, ஒரு காவல்காரர் விளக்கேற்றிக்கொண்டிருந்த காலத்தை விட இந்தச் சத்தம் வீட்டுக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது.

ஆனால் ஒன்று. பழக்க தோஷத்தில் தலையை எண்ணினேன். தண்ணீருக்குள் பத்தொன்பது பேர். அதில் பெண்கள் இரண்டு பேர்: பிரெஞ்சுப் பாட்டியும், பள்ளிக்கூடம் போகிற ஒரு சின்னப் பெண்ணும். கரையில் நாற்காலியில் பதினோரு பெண்கள். ஒவ்வொருவர் மடியிலும் துண்டு, யாராவது ஒருவருடைய மூக்குக் கண்ணாடி, நாலு செல்போன், ஒரு கைக்குழந்தை. எங்கள் அத்தையும் அதில் ஒருவர். அத்தனைக்கும் அத்தை சிங்கப்பூரில் நீச்சல் உடை வாங்கிப் பெட்டியில் கொண்டு வந்திருந்தார்! "கூட்டமா இருக்கு, காலையில பாத்துக்கலாம்" என்றார். அந்தக் காலத்தில் இதே கொல்லையில் பெண்கள் வத்தல் காயப் போட்டுக்கொண்டிருந்திருப்பார்கள், ஆண்கள் முகப்பைத் தாண்டி இங்கே எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். இப்போது ஆண்கள் இதுவரைக்கும் வந்துவிட்டார்கள், பெண்கள் மடியில் மட்டும் இன்னும் ஏதோ ஒன்று இருக்கிறது.

எனக்கு நீச்சல் தெரியாது. மதுரையில் வளர்ந்தவளுக்கு வைகைதான் ஆறு, அதில் நீச்சல் எங்கே கற்பது? அதனால் நானும் கரைதான்.

அம்மா ரொம்ப நேரம் ஐ.டி. பையன்களையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு என்னிடம் கேட்டது: "ஆழம் எவ்வளவுடி?"

"நாலடிம்மா."

"நாலடிக்கா இந்தக் கத்துக் கத்துறாய்ங்க?"

அப்புறம்தான் கதை வந்தது. அம்மா ஊர்க் கண்மாயில் நீந்தியிருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய் பெருகினால் மாசி வரைக்கும் தண்ணீர் நிற்குமாம். இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டி இறக்கிவிடுவார்களாம். பத்து வயசில் குடுக்கை இல்லாமல் இக்கரையிலிருந்து நடுவில் இருக்கிற கருவமரத் திட்டு வரைக்கும் போய் வரும். கலுங்கு மேலிருந்து குதிக்கும். மடைப் பக்கம் மட்டும் போகக் கூடாது, இழுத்துவிடும். மாமாவுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்ததே அம்மாதானாம்! இருபத்தோரு வருஷமாக இந்த அம்மாவோடு ஒரே வீட்டில் இருக்கிறேன், மூச்சு விடவில்லை.

"அப்புறம் ஏம்மா விட்டுட்ட?"

"பதிமூணு வயசுல பெரியவளாயிட்டேன். அம்மாச்சி வேணாம்னுட்டாக." அவ்வளவுதான். அதில் ஒரு குறையும் சொல்லவில்லை, பஸ் நேரம் சொல்கிற மாதிரிச் சொன்னது. பக்கத்து நாற்காலியில் அம்மாச்சி காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தது. அதற்கும் காது கேட்கும்.

அம்மா குளத்து அண்ணனிடம் போய் நேராகக் கேட்டது: சேலையோடு இறங்கலாமா? முடியாது என்றார். பருத்தித் துணி நூல் உதிரும், சாயம் விடும், வடிகட்டி அடைத்துக்கொள்ளும் என்று கரையோர மூடியைத் திறந்து, கூடைக்குள் இலையும் முடியும் சுருண்டு கிடந்ததைக் காட்டினார். நைலான், பாலியெஸ்டர் எதுவானாலும் சரியாம். அத்தை உடனே "அண்ணி, என்னோடது இருக்கு" என்றார். அம்மா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தது. கடைசியில் என் பையிலிருந்து எடுத்தது எதை என்கிறீர்கள்? நம் துறை விளையாட்டு விழாவுக்கு அடித்தோமே, முதுகில் ஏழாம் நம்பர் போட்ட மஞ்சள் ஜெர்சி, அது! கீழே என் டிராக் பேண்ட்.

வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு எல்லாவற்றையும் தாண்டி அம்மா அந்த உடையில் நடந்து வந்தபோது எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது. அம்மாவுக்கு நாற்பத்தாறு வயசு. வீட்டு வாசலில் பால் வாங்கக்கூட நைட்டிக்கு மேல் துண்டு போட்டுக்கொள்கிற ஆள். ஏணியைப் பிடித்துத் திரும்பி இறங்கியது. நடுவில் நின்றது. தண்ணீரைக் கையால் அள்ளி மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தது. "மருந்து வாடை" என்றது. பிறகு போய்விட்டது.

நீச்சல் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிற அழகெல்லாம் இல்லை. தலையைத் தண்ணீருக்கு மேல் நிமிர்த்திக்கொண்டு, சத்தமே வராமல், கையைத் தண்ணீருக்குள்ளேயே வைத்துக்கொண்டு போகிற நீச்சல். பன்னிரண்டு மீட்டரும் போய்ச் சுவரைத் தொட்டது. திரும்பி வரும்போது பாதியில் மல்லாந்து படுத்தது. கை கால் எதுவும் அசையவில்லை. ஜெர்சி மட்டும் மஞ்சளாக உப்பிக்கொண்டு மிதந்தது. காது தண்ணீருக்குள் இருந்ததால் ஸ்பீக்கர் பாட்டும், வாண்டுகள் "அத்தை! அத்தை!" என்று கத்தினதும் அதற்குக் கேட்டிருக்காது. எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை. அந்த ஒன்றை மட்டும் நான் எண்ணவில்லை.

ஐ.டி. பையன்கள் கை தட்டினார்கள். பிரெஞ்சுப் பாட்டி கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். அம்மா நிமிர்ந்து பார்த்து, "எதுக்கு இவய்ங்க கை தட்டுறாய்ங்க?" என்று மாமாவிடம் கேட்டது. மாமாவால் பதில் சொல்ல முடியவில்லை. "அக்கா, நீ அந்தத் திட்டு வரைக்கும் போவியேக்கா" என்று மட்டும் சொன்னார். அம்மாச்சி எழுந்து கரைக்கு வந்தது. ஏதாவது சொல்லி ஏற்றிவிடப் போகிறது என்றுதான் நினைத்தேன்.

"காதுல தண்ணி போயிறாம. பஞ்சு வச்சுக்கிறியா?" என்றது.

அத்தை அன்றைக்கு இறங்கவில்லை. அடுத்த நாள் காலை ஆறரைக்கு இறங்கினார், கோயம்புத்தூர் அக்கா ஒருவரும் கூட வந்தார். எனக்கு அம்மா வயிற்றுக்கு அடியில் கையைக் கொடுத்து, "காலை அடி, முட்டியை மடக்காத, பயந்தா முங்கிருவ" என்று ஒரு மணி நேரம் பாடம் எடுத்தது. நாலு கை தூரம் மிதந்தேன். அதற்கு மேல் ஏழு வாய் குளோரின் குடித்தேன். ஈரத் துணியைத் தேக்கு ஜன்னலில் காயப் போட வேண்டாம் என்று அறைப் பையன் வந்து பணிவாகச் சொல்லிவிட்டுப் போனான். அம்மாச்சி அதைப் பிழிந்து மூன்றாம் கட்டில், எப்போதோ யாரோ கட்டி வைத்திருந்த கம்பியில் போட்டுவிட்டு வந்தது. அதை யாரும் தடுக்கவில்லை.

திரும்பி வரும் வழியில் அம்மா ஊர்க் கண்மாயைப் பார்த்தோம். மே மாதம், சொல்லவே வேண்டாம். உள்ளே முழுக்கச் சீமைக் கருவேலம். திட்டு எது, கரை எது என்று அம்மாவுக்கே பிடிபடவில்லை. இரண்டு நிமிஷம் நின்றுவிட்டு, "வெயிலாயிருச்சு, ஏறுங்க" என்றது.

மதுரைக்கு வந்து ஒரு வாரம் ஆகிறது. நேற்று ராத்திரி தோசை ஊற்றிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் அம்மா கேட்டது: "ஏண்டி, இங்க பொம்பளைகளுக்குன்னு தனி நேரம் விடுற குளம் எதும் இருக்கா? மாசத்துக்கு எவ்வளவு கேப்பாய்ங்க?" நாளைக்கு ஸ்டேடியம் பக்கம் போய் விசாரிக்கலாம் என்றிருக்கிறேன். ஜெர்சியை இன்னும் என்னிடம் திருப்பித் தரவில்லை.